ஆய்வுக்கூடத்து முடிவு நோயறிதல் சோதனையாக மாறுவது எப்படி?

‘ஒரு துளி ரத்தத்தில் புற்றுநோயைக் கண்டறியலாம்: பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதனை’ என்ற வகைச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அந்தச் சோதனை அடுத்த ஆண்டே கிடைத்துவிடும் என்று படிப்பவர் எண்ணுகிறார், பெரும்பாலும் கிடைப்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து, அதே ஆய்வை வைத்து ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டதாகவோ, அதன் காப்புரிமை நீதிமன்றத்தில் செல்லாமல் போனதாகவோ, அரசு அமைப்பொன்று விற்பனைக்குக் குறுக்கே நின்றதாகவோ துண்டு துண்டாகச் செய்திகள் வருகின்றன. இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றினாலும், ஒரே நெடும் பாதையின் வெவ்வேறு இடங்களைக் குறிப்பவை. அந்தப் பாதை ஏன் அவ்வளவு நீளமானது, எங்கே பெரும்பாலான முயற்சிகள் நின்றுபோகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கண்டுபிடிப்பு வேறு, சோதனை வேறு

நோயோடு சேர்ந்து உடலில் கூடும் அல்லது குறையும், அளந்து பார்க்கக்கூடிய ஒரு பொருளை ‘உயிர்க்குறி’ என்கிறோம். அது ஒரு புரதமாகவோ, ஹார்மோனாகவோ, டிஎன்ஏ துணுக்காகவோ இருக்கலாம். பல்கலைக்கழக ஆய்வுகள் பெரும்பாலும் கண்டுபிடிப்பது இத்தகைய உயிர்க்குறியைத்தான். சோதனை என்பதோ அந்தக் குறியைச் சுற்றி எழுப்பப்படும் முழு ஏற்பாடு: மாதிரியை எப்படி எடுப்பது, எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், எந்த ரீஏஜென்ட் (சோதனையில் வினைபுரியும் வேதிப்பொருள்), எந்தக் கருவி, எந்த அளவுக்கு மேல் போனால் ‘நோய் உண்டு’ என்று சொல்வது, அந்த முடிவை மருத்துவர் படிக்கும் அறிக்கையில் எப்படி எழுதுவது என்பவை எல்லாம் அதில் அடங்கும்.

வீட்டிலேயே செய்துகொள்ளும் கர்ப்பப் பரிசோதனை இந்த வேறுபாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. கர்ப்பிணியின் சிறுநீரில் ஒரு ஹார்மோன் இருப்பதை வைத்துக் கர்ப்பத்தை அறியலாம் என்பது 1920களின் இறுதியிலேயே தெரியும். ஆனால் அன்று அதற்கு எலிகளுக்கு ஊசி போட்டு, பிறகு அவற்றை அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. எச்சிஜி என்னும் அந்த ஹார்மோனை ஒத்த பிற ஹார்மோன்களிலிருந்து பிரித்தறியும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு பொருளோடு மட்டும் ஒட்டும் புரதம்) முறையை அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1972இல் வெளியிட்டனர். ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டறிந்தனர். அந்த முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை என்பது பிரிட்டனில் நீண்ட காலம் விவாதிக்கப்பட்ட செய்தி. ஒரே படியில் முடியும் பட்டைச் சோதனை 1988இல்தான் கடைக்கு வந்தது. அறுபது ஆண்டுகளிலும் ஹார்மோன் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த எல்லாம் மாறின.

ஒரு சோதனை தன்னை மூன்று நிலைகளில் நிரூபிக்க வேண்டும் என்பது இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட முறை:

1. பகுப்பாய்வுச் செல்லுபடி: அளக்க வேண்டியதை அது சரியாக அளக்கிறதா? இன்று ஓர் ஆய்வகத்தில் வந்த எண், நாளை வேறு கருவியில், வேறு பணியாளர் கையில், வேறொரு தொகுதி ரீஏஜென்டில் அதே எண்ணாக வருகிறதா?
2. மருத்துவச் செல்லுபடி: அந்த எண் நோயோடு உண்மையிலேயே தொடர்புடையதா?
3. மருத்துவப் பயன்: அந்த முடிவு கையில் இருப்பதால் சிகிச்சை மாறி, நோயாளிக்கு நன்மை விளைகிறதா?

ஆய்விதழில் வரும் கட்டுரை பெரும்பாலும் இரண்டாம் கேள்வியின் ஒரு பகுதிக்கு மட்டுமே விடை தருகிறது. முதல் கேள்வி ஆய்வாளருக்குச் சுவையற்றது. கருவியை ஆயிரம் முறை ஒரே மாதிரி இயக்கிப் பார்ப்பவருக்குப் பதவி உயர்வு கிடைப்பதில்லை. மூன்றாம் கேள்விக்கு விடை தேடப் பல்கலைக்கழகத்திடம் பணம் இருப்பதில்லை. நிறுவனங்கள் தேவைப்படுவது இந்த இரு இடைவெளிகளை நிரப்பத்தான்.

எண்கள் ஏமாற்றும் இடம்

நோய் உள்ளவர்களில் எத்தனை சதவீதத்தினரைச் சோதனை பிடிக்கிறது என்பதை உணர்திறன் என்றும், நோய் இல்லாதவர்களில் எத்தனை சதவீதத்தினரைச் சரியாக விடுவிக்கிறது என்பதைத் தனித்தன்மை என்றும் அழைப்பர். இவ்விரு எண்களும் மிக உயர்வாக இருந்தும் ஒரு சோதனை பயனற்றதாக இருக்க முடியும். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வின் கதை இதைக் காட்டுகிறது.

ரத்தத்தில் உள்ள புரதங்களை, மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைக் கருவியில் செலுத்தி, வரும் வடிவத்தைக் கணினியால் படித்துச் சூலகப் புற்றுநோயைக் கண்டறியலாம் என்று அமெரிக்க அரசு ஆய்வாளர்கள், ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளைப் பயன்படுத்தி, ‘லான்செட்’ இதழில் அறிவித்தனர். சோதிக்கப்பட்ட 116 மாதிரிகளில் புற்றுநோய் இருந்த 50உம் பிடிபட்டன. இல்லாத 66இல் 63 சரியாக விடுவிக்கப்பட்டன. உணர்திறன் 100 சதவீதம், தனித்தன்மை 95 சதவீதம். சோதனை ‘நோய்’ என்று சொன்னால் அது உண்மையாக இருக்கும் வாய்ப்பு 94 சதவீதம் என்றும் கட்டுரை கூறியது.

இந்தக் கடைசி எண்ணில்தான் சிக்கல். அந்த 116 மாதிரிகளில் ஏறக்குறைய பாதி புற்றுநோயாளிகளுடையவை. பொதுமக்களிடையே அப்படி இருக்காது. ஒரு லட்சம் பெண்களில் 40 பேருக்கு அந்நோய் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். அதே சோதனை அந்த 40 பேரையும் பிடிக்கும். நோயற்ற 99,960 பேரில் 5 சதவீதம், அதாவது ஏறத்தாழ 5,000 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ‘நோய்’ என்று சொல்லப்பட்டவர்களில் உண்மையில் நோய் உள்ளவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. சூலகப் புற்றுநோயை உறுதிசெய்ய அறுவை சிகிச்சை தேவைப்படுவதால், மீதமுள்ளவர்கள் வீண் கவலையோடு மட்டும் தப்பிவிட மாட்டார்கள்.

அடுத்து, ஆய்வுக் குழு பொதுவில் வெளியிட்ட தரவுகளை டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையப் புள்ளியியலாளர்களான கீத் பாகர்லி, கெவின் கூம்ஸ் ஆகியோர் ஆராய்ந்தனர். நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே கணினி கண்ட வேறுபாட்டில், கருவியின் இரைச்சலாலும் மாதிரிகள் கையாளப்பட்ட விதத்தாலும் விளைந்தவை கலந்திருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டினர். 2004இல் இதை வணிகச் சோதனையாக விற்பனைக்குக் கொண்டுவர முனைந்தபோது, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் குறுக்கிட்டது. அது சந்தைக்கு வரவில்லை.

அதே இருவர் பின்னர் டியூக் பல்கலைக்கழகத்தின் மரபணு ஆய்வையும் ஆராய நேர்ந்தது. எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து பலிக்கும் என்று கட்டியின் மரபணுச் செயல்பாட்டை வைத்துச் சொல்லலாம் என்ற அந்த ஆய்வில், மரபணுப் பட்டியலின் வரிசை ஒன்று தள்ளிப் போயிருந்ததையும், மருந்துக்குக் கட்டுப்படும், கட்டுப்படாத மாதிரிகளின் பெயர்கள் இடம் மாறியிருந்ததையும் அவர்கள் கண்டனர். அதற்குள் அந்த முறையை நம்பி நோயாளிகளுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் சோதனைகளே தொடங்கியிருந்தன. அவை 2010இல் நிறுத்தப்பட்டன. இதையடுத்து 2012இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அறிக்கை, கணக்கீட்டு முறையை முதலில் பூட்டி வைத்து, அதன் பிறகு ஒரு சிறு மாற்றமும் செய்யாமல், முற்றிலும் வேறான மாதிரிகளில் அதைச் சோதிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. கேட்பதற்கு எளிய விதிதான். ஆனால், ஒவ்வொரு வாரமும் முறையை மேம்படுத்திக்கொண்டே போவதுதான் நல்ல ஆய்வு என்று பழகிய கூடத்துக்கு அது இயல்புக்கு மாறானது.

கண்டுபிடிப்பு யாருடைய சொத்து?

ஆய்வுக்குப் பணம் அரசுடையது, கூடம் பல்கலைக்கழகத்துடையது, மூளை ஆய்வாளருடையது. விற்கும் உரிமை யாருக்கு? அமெரிக்காவில் 1980இல் வந்த பே-டோல் சட்டம், அரசு நிதியில் பிறந்த கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகங்கள் தம் உடைமையாக வைத்துக்கொண்டு பிறருக்கு உரிமம் வழங்க வழிவகுத்தது. இன்று பெரும்பாலான ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பணிக்கென ஒரு தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகம் உண்டு. நடைமுறை பொதுவாக இந்த வரிசையில் செல்கிறது:

1. ஆய்வாளர் தம் கண்டுபிடிப்பை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்கிறார்.
2. கட்டுரையாகவோ கருத்தரங்கிலோ வெளியிடும் முன் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்படுகிறது. அமெரிக்காவில் வெளியிட்ட பிறகும் ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் பொதுவாக அந்த அவகாசம் கிடையாது. ஒரு கருத்தரங்கச் சுவரொட்டியே உரிமையைக் கெடுத்துவிடலாம்.
3. ஏற்கெனவே உள்ள நிறுவனத்துக்கு உரிமம் தரப்படுகிறது, அல்லது ஆய்வாளர்களே ‘ஸ்பின்-ஆஃப்’ எனப்படும் புதிய நிறுவனத்தைத் தொடங்குகின்றனர். பல்கலைக்கழகத்துக்கு முன்தொகை, விற்பனையில் பங்கு, நிறுவனப் பங்குகள் என ஏதோவொரு வடிவில் வருவாய் ஒப்புக்கொள்ளப்படுகிறது.

இரண்டு வினைச்சொற்களின் வேறுபாட்டால் ஒரு பல்கலைக்கழகம் கண்டுபிடிப்பின் மீதான தன் முழு உரிமையை இழந்த வழக்கும் உண்டு. அதுவும் நோயறிதல் தொழில்நுட்பம் பற்றியதுதான். ரத்தத்தில் எச்ஐவி வைரஸின் அளவை, மரபணுத் துணுக்கைப் பலமடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் முறையில் கணக்கிடும் பணியில் இருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர் ஒருவர், தம் கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகத்துக்கு ‘மாற்றித்தர ஒப்புக்கொள்கிறேன்’ என்று கையெழுத்திட்டிருந்தார். பிசிஆரைக் கற்றுக்கொள்ள சீட்டஸ் நிறுவனத்துக்குச் சென்றபோது, ‘இதனால் மாற்றித்தருகிறேன்’ என்று இன்னொரு படிவத்தில் கையெழுத்திட்டார். முதலாவது எதிர்கால வாக்குறுதி. இரண்டாவது அப்போதே நடந்து முடிந்த உரிமை மாற்றம். சீட்டஸின் பிசிஆர் உரிமைகளைப் பின்னர் ரோஷ் நிறுவனம் வாங்கியது. ரோஷ் மீது ஸ்டான்ஃபோர்ட் வழக்குத் தொடர்ந்தது. பே-டோல் சட்டம் இருப்பதால் மட்டும் உரிமை தானாகவே பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது.

காப்புரிமை பெற்றும் நிலைக்காதது ஏன்?

மருந்துத் துறையில் ஒரு புதிய மூலக்கூறுக்குக் காப்புரிமை கிடைத்தால் அது பெரும்பாலும் வலுவானது. நோயறிதல் துறையில் அப்படி இல்லை. ‘இந்தப் பொருள் கூடினால் இந்த நோய்’ என்பது இயற்கையில் ஏற்கெனவே உள்ள தொடர்பு. அதைக் கவனித்தவர் அதற்கு உரிமையாளராக முடியுமா என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் மேயோ வழக்கிலும், மார்பக, சூலகப் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புடைய பிஆர்சிஏ மரபணுக்கள் பற்றிய 2013 மிரியட் வழக்கிலும், இயற்கை விதிகளுக்கும் இயற்கையில் உள்ளபடியே பிரித்தெடுத்த டிஎன்ஏவுக்கும் காப்புரிமை இல்லை என்று கூறிவிட்டது.

இதனால் நேர்ந்ததைப் புரிந்துகொள்ள, ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய மருத்துவ ஆய்வாளர் டென்னிஸ் லோவின் ஆய்வு போதும். கருவில் உள்ள குழந்தையின் டிஎன்ஏ தாயின் ரத்தத்திலேயே மிதக்கிறது என்பதை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் அறிவித்தனர். டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைபாடுகளை அறியக் கருப்பைக்குள் ஊசி செலுத்துவதே உறுதியான வழியாக இருந்த காலம் அது. அதில் கருச்சிதைவு அபாயமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உரிமம் சீக்வெனாம் நிறுவனத்துக்குச் சென்றது. ஆனால் தாயின் டிஎன்ஏ வெள்ளத்தில் குழந்தையின் பங்கு சிறியது. எடுத்த ரத்தம் டியூபிலேயே நெடுநேரம் கிடந்தால், தாயின் வெள்ளணுக்கள் சிதைந்து அந்தச் சிறு பங்கையும் மூழ்கடித்துவிடும். குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் மெல்லிய வேறுபாட்டைக் காண, கோடிக்கணக்கான துணுக்குகளை எண்ணும் டிஎன்ஏ வரிசையறி கருவிகள் மலிவாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வணிகச் சோதனை 2011இல் வந்தது.

அதற்குள் போட்டி நிறுவனங்களும் களத்தில் இருந்தன. வழக்கு நடந்தது, கருவின் டிஎன்ஏ தாயின் ரத்தத்தில் இருப்பது இயற்கையின் செயல் என்று கூறி 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமையைச் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றத்தின் முந்தைய தீர்ப்பு தம்மைக் கட்டுப்படுத்துவதால்தான் இதில் இணைவதாக, அந்த அமர்வின் நீதிபதி ஒருவரே தனியே எழுதினார். 2016இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. தாய்மார்களுக்குப் பல நிறுவனங்களின் சோதனைகள் கிடைப்பது நல்லதே. ஆனால் அடுத்த உயிர்க்குறிக்குப் பெரும் செலவில் சான்று திரட்ட யோசிக்கும் முதலீட்டாளர், அந்தச் சான்றைப் போட்டியாளரும் இலவசமாகப் பயன்படுத்துவாரே என்று தயங்குவதும் இதன் விளைவுதான்.

கருவியும் வேதியியலும் சேர்ந்த கண்டுபிடிப்புக்கு இந்தச் சிக்கல் குறைவு. நொதியைக் கொண்டு குளுக்கோஸை மின்முனையில் அளக்கும் யோசனை 1962இல் லேலண்ட் கிளார்க்குடையது. ஆனால் அது கரைந்துள்ள ஆக்சிஜனின் அளவைச் சார்ந்திருந்தது. ஆக்சிஜனுக்குப் பதிலாக ஃபெரோசீன் என்னும் சேர்மத்தை எலக்ட்ரான் கடத்தியாக வைக்கலாம் என்று ஆக்ஸ்ஃபோர்டு, கிரான்ஃபீல்டு ஆய்வாளர்கள் 1984இல் காட்டினர். அதை உரிமம் பெற்ற மெடிசென்ஸ் நிறுவனம் 1987இல் பேனா அளவிலான குளுக்கோஸ் மீட்டரை விற்றது; 1996இல் அபாட் அந்த நிறுவனத்தை வாங்கியது. இங்கே உரிமை கோரப்பட்டது ‘ரத்தச் சர்க்கரை கூடினால் நீரிழிவு’ என்ற உண்மைக்கு அல்ல. அதை அளக்கும் புதிய மின்முனைக்கு.

அனுமதி தரும் வாயில்கள்

அமெரிக்காவில் சோதனைக் கிட் ஒன்றை விற்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். ஓர் ஆய்வகம் தானே உருவாக்கித் தன்னிடமே நடத்தும் சோதனைகளுக்கு அந்த ஒப்புதலை நிர்வாகம் நெடுங்காலமாக வற்புறுத்தவில்லை. மருத்துவமனைகள் அரிய நோய்களுக்குச் சோதனை உருவாக்க இந்த இடைவெளி உதவியது. சில துளி ரத்தத்தில் பல சோதனைகளைச் செய்வதாகக் கூறி, பின்னர் மோசடி வழக்கில் சிக்கிய தெரனோஸ் போன்ற நிறுவனங்கள் நுழைந்ததும் அதே இடைவெளியில்தான். தெரனோஸைப் பல்கலைக்கழக ஆய்வு வணிகமானதன் தோல்வி என்று சிலர் எழுதுகின்றனர். அது பொருத்தமற்றது; பிறர் சரிபார்த்த போதிய ஆய்வு வெளியாகாமலேயே நோயாளிகளுக்கு முடிவுகளை வழங்கியதுதான் அதன் குறை. இந்த இடைவெளியை அடைக்க 2024இல் கொண்டுவரப்பட்ட விதியை 2025 மார்ச்சில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது.

ஐரோப்பா எதிர்த் திசையில் சென்றது. முன்பு பெரும்பாலான சோதனைகளுக்கு உற்பத்தியாளரின் சொந்த உறுதிமொழியே போதுமானதாக இருந்தது. 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய ஒழுங்குமுறை, சோதனைகளை அபாய அளவுக்கேற்ப நான்கு வகுப்புகளாகப் பிரித்து, பெரும்பாலானவற்றைத் தனி அமைப்பு ஒன்று மதிப்பிட வேண்டும் என்கிறது. சிறு ஸ்பின்-ஆஃப் நிறுவனங்களுக்கு இது பெரும் சுமைதான். ஆனால் சூலகப் புற்றுநோய்ச் சோதனையின் கதையைப் படித்தவர் அந்தச் சுமையை முழுக்க வீண் என்று சொல்லத் தயங்குவார்.

சான்றுக்கு யார் பணம் தருவது?

அனுமதி கிடைத்தாலும், காப்பீடோ அரசோ கட்டணம் செலுத்த முன்வராவிட்டால் சோதனை அலமாரியிலேயே இருக்கும். கட்டணம் செலுத்துபவர் கேட்பது மூன்றாம் கேள்வியை: இதனால் நோயாளிக்கு என்ன பயன்? அதற்கு விடை காண எவ்வளவு செலவாகும் என்பதை இரண்டு சோதனைகள் காட்டுகின்றன.

மலத்தில் உள்ள டிஎன்ஏவைக் கொண்டு பெருங்குடல் புற்றுநோயைக் கண்டறியும் கோலோகார்டு, மேயோ கிளினிக்கின் தொழில்நுட்பத்தை உரிமம் பெற்று எக்ஸாக்ட் சயின்சஸ் உருவாக்கியது. அதன் முதன்மை ஆய்வில் 9,989 பேர் கணக்கில் கொள்ளப்பட்டனர். ஒவ்வொருவருக்கும், பெருங்குடலுக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியும் செய்யப்பட்டது. அவர்களில் புற்றுநோய் இருந்தவர்கள் 65 பேர்தான். கோலோகார்டு 60 பேரைப் பிடித்தது; வழக்கமான மலச் சோதனை 48 பேரை. அந்த 12 பேர் வேறுபாட்டை நிரூபிக்கப் பத்தாயிரம் பேர் தேவைப்பட்டனர் என்பதே இத்துறையின் பொருளாதாரம். நோயற்றவர்களில் ஏறக்குறைய 13 சதவீதத்தினருக்கும் தவறாக ‘உண்டு’ என்று வந்தது. அதில் அது பழைய சோதனையைவிடப் பின்தங்கியது. 2014 ஆகஸ்டில் உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த அதே நாளில், முதியோர் காப்பீட்டை நடத்தும் அரசு அமைப்பும் கட்டணம் செலுத்தும் முன்மொழிவை வெளியிட்டது. இரு அமைப்புகளும் ஆய்வை இணையாகப் பரிசீலித்ததால்தான் அது நடந்தது.

மார்பகப் புற்றுநோயில் கீமோதெரபி தேவையா என்று 21 மரபணுக்களைக் கொண்டு மதிப்பெண் தந்து மதிப்பிடும் ஆன்கோடைப் டிஎக்ஸ் 2004இல் சந்தைக்கு வந்தது. முந்தைய மருத்துவ ஆய்வொன்றில் பங்கேற்ற 668 பேரின் திசு மாதிரிகள் பத்திரமாக இருந்ததால் அதன் முதல் சான்று விரைவாகக் கிடைத்தது. முடிவு ஏற்கெனவே தெரிந்த நோயாளிகளின் பழைய மாதிரிகள், பல காப்புரிமைகளைவிட மதிப்புள்ள சொத்து. கல்வி நிறுவனங்கள் பெரும்பாலும் இதை உணர்வதில்லை. எனினும், நடுத்தர மதிப்பெண் பெற்ற பெண்களில் பெரும்பாலோர் கீமோதெரபியைத் தவிர்க்கலாம் என்பதை உறுதிசெய்ய, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஆதரித்த ஆய்வின் முடிவு 2018இல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொதுப் பணம் ஆய்வின் தொடக்கத்தில் மட்டுமல்ல, இறுதிச் சான்றிலும் இருக்கிறது.

விலையில் பொதுப் பணத்தின் பங்கு

அப்படியானால் விலையிலும் பொதுமக்களுக்குச் சொல்ல இடம் உண்டா? காசநோயையும் ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியையும் இரண்டு மணி நேரத்துக்குள் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை, நியூயார்க் ஆய்வாளர்கள் 1996இல் விவரித்த ஒளிரும் டிஎன்ஏ முறையைப் பயன்படுத்துகிறது. செஃபைட் நிறுவனம், பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஃபைண்ட் என்னும் லாப நோக்கற்ற அமைப்பு ஆகியோர் சேர்ந்து, பொது நிதியின் உதவியோடு உருவாக்கிய அதை, உலகச் சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது. ஒரு சோதனைக்கு ஒன்று எனப் பயன்படும் காட்ரிட்ஜ் பெட்டியின் விலை அப்போது 16.86 டாலர், சளியை நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறையோடு ஒப்பிட அது மிக அதிகம். 2012 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அமைப்புகள், யுனிட்எய்ட் என்னும் பன்னாட்டுச் சுகாதார நிதியமைப்பு, கேட்ஸ் அறக்கட்டளை ஆகியவை நிறுவனத்துக்குப் பணம் தந்து, 145 நாடுகளின் பொதுத்துறைக்கு விலையை 9.98 டாலராகக் குறைக்கச் செய்தன. அந்த விலை ஏறக்குறைய பதினொரு ஆண்டுகள் அசையவில்லை. விற்பனை பெருகிய பிறகும் ஏன் குறையவில்லை என்று நோயாளர் அமைப்புகள் தொடர்ந்து கேட்டதன் பின்னரே, 2023 செப்டம்பரில் காசநோய்க் காட்ரிட்ஜ் 7.97 டாலருக்கு இறங்கியது.

விலைக்கு வரம்பு, ஏழை நாடுகளுக்குத் தனி உரிமம், செலவுக் கணக்கை வெளிப்படையாகக் காட்டும் கடமை போன்ற நிபந்தனைகளை உரிம ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்க்கப் பல்கலைக்கழகத்துக்கு வாய்ப்புள்ள நேரம், நிறுவனம் உரிமம் கேட்டு அதன் வாசலில் நிற்கும் அந்த முதல் கட்டம்தான். அப்போது எழுதாமல் விட்டதைப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பேரம் பேசிப் பெறுவதற்கு என்ன விலை தர வேண்டியிருக்கும் என்பதை 2012ஆம் ஆண்டின் ஒப்பந்தம் காட்டுகிறது.